ஒரு தட்டுக்குள் மூன்று, ஐந்து, ஏழு: ட்யூப்லெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வேளைகளில் வீட்டில் கீபோர்டு சொல்லித் தருகிறேன். வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே வேறெங்கோ பாட்டோ மிருதங்கமோ கற்றுக்கொண்டிருப்பவர்கள். ஆனாலும் மேற்கத்திய நொட்டேஷனில் மூன்று நோட்டுகளுக்கு மேல் ‘3’ என்று ஓர் எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே மாதிரி நின்றுவிடுகிறார்கள். அவர்களும், வெளித் திண்ணையில் காத்திருக்கும் பெற்றோரும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பெயர்கள் கிரேடு தேர்வுப் புத்தகங்களில் வருபவை: ஒரு தட்டு நீளமுள்ளது க்ராட்செட், அதில் பாதி க்வேவர், கால் பங்கு செமிக்வேவர், இரண்டு தட்டு நீளமுள்ளது மினிம். தட்டு என்று நான் சொல்வது பீட்டை.

ட்யூப்லெட் என்றால் என்ன?

மேற்கத்திய நொட்டேஷனுக்கு இரண்டால் வகுக்கத்தான் தெரியும். மினிமை இரண்டாக்கினால் க்ராட்செட், அதை இரண்டாக்கினால் க்வேவர், இன்னும் இரண்டாக்கினால் செமிக்வேவர். ஒரு க்ராட்செட்டைச் சமமாக மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிக்க அதில் தனிக் குறி கிடையாது. அதனால் ஓர் ஒட்டு வேலை செய்கிறார்கள். மூன்று க்வேவர்களை எழுதி மேலே 3 என்று போட்டால், இரண்டு க்வேவர் இருக்க வேண்டிய இடத்தில் இந்த மூன்றும் சமமாக அடங்க வேண்டும் என்று பொருள். இதுதான் ட்ரிப்லெட். ஐந்து வந்தால் குவின்டப்லெட், ஆறு வந்தால் செக்ஸ்டப்லெட், ஏழு வந்தால் செப்டப்லெட். எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் ட்யூப்லெட்.

பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்காருவதை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் நீளாது. மூவரும் ஒரே அளவு ஒடுங்கித்தான் ஆக வேண்டும். ஒருவர் மட்டும் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு மற்ற இருவரையும் ஓரத்தில் நசுக்கினால் அது ட்ரிப்லெட் ஆகாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த எண் எத்தனை நோட்டுக்குப் பதிலாக வருகிறது?

தட்டு இரண்டாகப் பிரியும் சாதாரண டைம் சிக்னேச்சர்களில் (ஒரு பாரில், அதாவது தாளின் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே, எத்தனை தட்டு என்று சொல்லும் 2/4, 3/4, 4/4 போன்ற குறிகளில்) வழக்கம் இது: 3 வந்தால் இரண்டின் இடத்தில், 5, 6, 7 வந்தால் நான்கின் இடத்தில், 9 வந்தால் எட்டின் இடத்தில். சில பதிப்புகளில் 3:2, 5:4 என்று விகிதமாகவே அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் எத்தனை வாசிக்கிறோம் என்பது, இரண்டாவது எண் எத்தனையின் இடத்தில் என்பது.

7 மட்டும் கொஞ்சம் வம்பு. ஒருவர் 7:4 என்று நினைத்து எழுதியிருப்பார், இன்னொருவர் 7:8 என்று. சந்தேகம் வந்தால் அந்த பாரில் மீதமுள்ள நோட்டுகளைக் கூட்டிப் பாருங்கள். எவ்வளவு இடம் மிச்சமோ, அவ்வளவுதான் அந்த ஏழுக்கும்.

கர்நாடக இசையில் நடை என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

காதுக்கு ஒன்று, கணக்குக்கும் ஒன்று. பழக்கத்தில்தான் வேறு.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வோர் எண்ணிக்கையையும் நான்காகப் பிரித்தால் சதுஸ்ர நடை, ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 32 மாத்திரை. மூன்றாகப் பிரித்தால் திஸ்ரம், 24. ஐந்தானால் கண்டம், 40. ஏழானால் மிஸ்ரம், 56. ஒன்பதானால் சங்கீர்ணம், 72. எல்லாவற்றிலும் கை போடும் தாளம் அதே வேகத்தில்தான் போகும், உள்ளே இருக்கும் பிரிவு மட்டும் மாறும். ட்யூப்லெட் என்பதும் சரியாக இதுவே.

வித்தியாசம் எங்கே என்றால், நம் ஆட்கள் ஒரு நடைக்குள் போனால் அங்கே கொஞ்ச நேரம் குடியிருப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமோ தவிலோ கண்ட நடைக்கு மாறினால் சில ஆவர்த்தனங்கள் அதிலேயே கோலம் போட்டுவிட்டுத்தான் திரும்பும். மேற்கத்தியத் தாளில் ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் ஐந்து வந்துவிட்டு, அடுத்த தட்டிலேயே நான்குக்குத் திரும்பிவிடலாம். மிருதங்கம் தெரிந்த பிள்ளைகள் திணறுவது இந்தத் திடீர்த் திருப்பத்தில்தான். பியானோ மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கோ ஐந்தே வராது. இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று பாடம் நடத்தலாம் என்பது என் கட்சி.

வர்ணத்தைத் திஸ்ரத்தில் பாடிப் பழகியவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. நான்கு நான்காக அமைந்த ஸ்வரங்களைத் தாளத்தை மாற்றாமல் மூன்று மூன்றாகப் பாடும்போது, சொற்கட்டின் தொடக்கம் தட்டில் விழாமல் நகர்ந்துகொண்டே போகும். தட்டு ஓரிடத்தில், அழுத்தம் வேறிடத்தில் என்ற நிலையைத் தாங்கும் மனசு அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

திஸ்ர ஜாதி, திஸ்ர நடை: எது ட்ரிப்லெட்?

நடைதான். ஜாதி என்பது தாளத்தின் உறுப்புகளில் ஒன்றான லகுவுக்கு எத்தனை எண்ணிக்கை என்று சொல்வது; அது பாரின் நீளத்தை மாற்றும், தட்டின் உள்ளே கை வைக்காது. ஏழு தாளம், ஐந்து ஜாதி, 35. ஒவ்வொன்றையும் ஐந்து நடையில் போட்டால் 175. அந்தக் கடைசிப் பெருக்கலில்தான் ட்யூப்லெட் இருக்கிறது.

என் ட்ரிப்லெட் கோணலாக இருக்கிறது என்கிறார் ஆசிரியர். எனக்குச் சரியாகத்தான் கேட்கிறது. யார் சொல்வது சரி?

அநேகமாக ஆசிரியர். எல்லோரும் செய்யும் தவறு ஒன்றேதான்: முதல் இரண்டையும் அவசரமாக வாசித்துவிட்டு மூன்றாவதில் இளைப்பாறுவது. தகிட என்று வர வேண்டியது ‘தக தா’ என்று வருகிறது. பஸ் சீட் கதை.

எண்ணில் பார்த்தால் இது இன்னும் தெளிவு. மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று டிக் டிக் போடும் கருவி) 60-ல் ஓடினால் ஒரு தட்டு ஒரு வினாடி. உண்மையான ட்ரிப்லெட்டில் நோட்டுகள் 0, 0.33, 0.67 வினாடியில் விழ வேண்டும். கோணல் ட்ரிப்லெட்டில் அவை 0, 0.25, 0.5 வினாடியில் விழுகின்றன. அதாவது இரண்டு செமிக்வேவரும் ஒரு க்வேவரும். மூன்றாவது நோட் ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு முந்திவிட்டது. வேகமாக வாசிக்கும்போது இது வாசிப்பவர் காதுக்குத் தெரியாது, ஏனென்றால் அவருக்கு அடுத்த தட்டில் சரியாக இறங்கிவிட்ட திருப்தி இருக்கும்.

நானே இப்படித்தான் பல வருடம் வாசித்தேன். ஒரு கிரேடு தேர்வில், பார்த்ததும் வாசிக்கும் பகுதியில், ட்ரிப்லெட்டுகளை எல்லாம் ‘தக தா’ என்று தள்ளிவிட்டு நன்றாகச் செய்ததாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மதிப்பெண் தாளில் ரிதம் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தது. அப்புறம்தான் செல்போனில் பதிவு செய்து கேட்கும் பழக்கம் வந்தது. இப்போது பிள்ளைகளையும் அதையே செய்யச் சொல்கிறேன். ஏதாவதோர் ஆடியோ செயலியில் பதிவைத் திறந்து அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்; மேடுகளுக்கு இடையே தூரம் சமமாக இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். அதற்குமேல் வாதமே இல்லை.

சரி, அதைத் திருத்துவது எப்படி?

முதலில் கருவியை விட்டுவிடுங்கள். வாயில் வராதது விரலில் வராது.

மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு முறை ‘தகிட’ சொல்லுங்கள். ‘ட’வை விழுங்கக் கூடாது. அது நன்றாக உட்கார்ந்ததும், நான்கு தட்டுக்கு ‘தக’, நான்கு தட்டுக்கு ‘தகிட’, நான்கு தட்டுக்கு ‘தகதிமி’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். அடுத்து இரண்டு இரண்டு தட்டாக. கடைசியில் ஒவ்வொரு தட்டாக: தக, தகிட, தகதிமி, தகிட, தக. சிக்கல் ட்ரிப்லெட்டில் இல்லை, அதற்குள் நுழைவதிலும் அதிலிருந்து வெளியே வருவதிலும்தான் என்று இந்தப் பயிற்சியில் புரிந்துவிடும். ‘தகிட’விலிருந்து ‘தக’வுக்குத் திரும்பும்போது பெரும்பாலோர் அவசரப்படுவார்கள்.

இது வந்த பிறகு அதே வரிசையை ஒரே கீயில் ஒரே விரலால் வாசியுங்கள். அதன் பிறகு ஸ்கேலில். இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள் யாரும் சீக்கிரம் முடித்ததாக நான் பார்த்ததில்லை.

டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். வலது, இடது என்று மாற்றி மாற்றி அடித்தால், இரண்டிலும் நான்கிலும் எப்போதும் வலது கைதான் தட்டில் விழும். மூன்றிலும் ஐந்திலும் ஒரு தட்டில் வலது, அடுத்த தட்டில் இடது. இடது கையின் அடி மெலிந்துபோனால் ட்ரிப்லெட் ஆறின் கூட்டம் போலக் கேட்கும். கிட்டாரில் பிக் கீழே மேலே போவதிலும் இதே கதை.

இரண்டு தட்டுக்கு மூன்று நோட் என்று வருகிறதே, க்ராட்செட் ட்ரிப்லெட். அதை எப்படி எண்ணுவது?

க்வேவர் ட்ரிப்லெட்டில் தட்டுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. இங்கே மூன்று க்ராட்செட் இரண்டு தட்டுக்கு மேல் பரந்து கிடக்கிறது, இரண்டாவது தட்டில் எந்த நோட்டும் விழாது. அதனால்தான் காலடியில் தரை நழுவுவது போல இருக்கிறது.

இரண்டு தட்டுக்கும் ‘தகிட தகிட’ சொல்லுங்கள். ஆறு எழுத்து. ஒன்று விட்டு ஒன்றை அழுத்துங்கள்: முதல் ‘த’, முதல் ‘ட’, இரண்டாவது ‘கி’. அழுத்திய மூன்றும்தான் உங்கள் நோட்டுகள். முதலில் ஆறையும் சொல்லி மூன்றில் கை தட்டுங்கள், பிறகு அழுத்தாத மூன்றையும் மனசுக்குள் மட்டும் சொல்லுங்கள். காலால் தட்டைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கால் நின்றுவிட்டால் மூன்று நோட்டும் புதிய தட்டாக மாறி, பாட்டு வேறு வேகத்துக்குப் போய்விடும்.

சினிமாப் பாட்டிலும் பாப் பாட்டிலும் அடிக்கடி வரும் ‘டம்… டம்… டம்’ இந்த க்ராட்செட் ட்ரிப்லெட்தானே?

பெரும்பாலும் இல்லை. அது 3-3-2. இரண்டு தட்டில் எட்டு செமிக்வேவர் இருக்கின்றன. அதில் மூன்று, மூன்று, இரண்டு என்று கூட்டம் பிரித்து ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அடிப்பது. கியூபா, கரீபியன் பக்கத்து இசையில் இதற்கு ‘ட்ரெசில்லோ’ என்று பெயர். ரெகேட்டோன் தாளத்தின் முதுகெலும்பும் இதுதான். கேட்க ட்ரிப்லெட் மாதிரி இருக்கும், ஆனால் மூன்றும் சமம் அல்ல.

120 வேகத்தில் இரண்டு தட்டு ஒரு வினாடி. ட்ரிப்லெட் 0, 0.33, 0.67-ல் விழும். 3-3-2 விழுவது 0, 0.375, 0.75-ல். சந்தேகமாக இருந்தால் அந்தப் பாட்டோடு சேர்ந்து ‘தகிட தகிட தக’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஒட்டினால் 3-3-2.

ஒரு கையில் மூன்று, இன்னொரு கையில் இரண்டு. மூளை இரண்டாகப் பிளக்கிறது!

இரண்டு கையையும் தனித்தனியாக யோசிப்பதால்தான் பிளக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு தாளம்தான், அதை ஒரு சொல்லாகக் கற்றுக்கொண்டுவிட்டால் போதும்.

மூன்றுக்கும் இரண்டுக்கும் பொதுவான எண் ஆறு. ஆறு கட்டம் போடுங்கள். மூன்று வாசிக்கும் கை 1, 3, 5-ல் விழும். இரண்டு வாசிக்கும் கை 1, 4-ல். சேர்த்தால் 1, 3, 4, 5. இடைவெளிகள்: 2, 1, 1, 2.

இப்போது தமிழ் இலக்கணப் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. நெடில், குறில், குறில், நெடில். அப்படி ஒரு வாக்கியம் வேண்டும், அவ்வளவுதானே?

தா, ஒரு பூ.

தா (2) ஒ (1) ரு (1) பூ (2). இதை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ‘தா’வில் இரண்டு கையும். ‘ஒ’ மூன்றின் கை. ‘ரு’ இரண்டின் கை. ‘பூ’ மறுபடி மூன்றின் கை. தொடையில் தட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கென்று சில வாக்கியங்கள் இருக்கின்றன; அவற்றில் அசையின் நீளத்தை உத்தேசமாகத்தான் வைத்துக்கொள்ள முடியும். நம் எழுத்துக்கு மாத்திரைக் கணக்கு இருப்பதால் இங்கே அளவு கச்சிதம்.

நான்குக்கு மூன்றும் இப்படிச் சொல்ல முடியுமா?

முடியும், அளபெடையின் தயவில். பொதுவான எண் பன்னிரண்டு. நான்கின் கை 1, 4, 7, 10-ல். மூன்றின் கை 1, 5, 9-ல். சேர்த்தால் 1, 4, 5, 7, 9, 10. இடைவெளிகள் 3, 1, 2, 2, 1, 3. நெடிலை நீட்டி அளபெடையாக்கினால் மூன்று மாத்திரை கிடைக்கும்:

ஏஎ நிலா ஓடி வாஅ.

ஏஎ (3) நி (1) லா (2) ஓ (2) டி (1) வாஅ (3). ‘ஏ’ இரண்டு கையும், ‘நி’ நான்கின் கை, ‘லா’ மூன்றின் கை, ‘ஓ’ நான்கு, ‘டி’ மூன்று, ‘வா’ நான்கு. குழந்தைக்குச் சோறூட்டும்போது நிலாவைக் கூப்பிட்ட அதே தொனியில் சொன்னால் நீளங்கள் தானாக வரும்.

இது எங்கே தேவைப்படும் என்றால், பியானோ மாணவர்கள் எல்லோரும் ஆசைப்படும் ஷோப்பானின் ஃபான்டசி-இம்ப்ராம்ப்டுவில். 1834-ல் எழுதப்பட்டு, அவர் இறந்த பிறகு 1855-ல் அச்சானது. இடது கையில் ஒரு பாருக்குப் பன்னிரண்டு நோட், வலது கையில் பதினாறு. அதாவது நான்குக்கு மூன்று, ஓயாமல். போதாக்குறைக்கு வலது கை முதல் செமிக்வேவரில் மௌனமாக இருந்துவிட்டு இரண்டாவதிலிருந்து கிளம்புகிறது. ‘ஏ’வில் இடது கை மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் செய்யும்போது இந்த வாக்கியம் உதவும். முழு வேகத்தில் உதவாது. அங்கே இரண்டு கையும் தன் தன் ஓட்டத்தில் போய், தட்டில் மட்டும் சந்தித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்துக்குப் போகக் குறுக்கு வழி இல்லை. ஆனால் மெதுவாகச் சரியாகச் செய்யாதவர்கள் அங்கே போனதும் இல்லை.

ஐந்தும் ஏழும்?

ஐந்துக்கு தகதகிட, ஏழுக்கு தகிட தகதிமி, ஒன்பதுக்கு தகதிமி தகதகிட. கர்நாடகப் பின்னணி இருப்பவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. மற்றவர்கள் 50 வேகத்தில் ஆரம்பியுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். தகதகிட என்று சொல்லும்போது இரண்டு, மூன்று என்று உள்ளே ஒரு மடிப்பு விழுகிறது, மூன்றாவது எழுத்தில் சின்ன அழுத்தம் வருகிறது. கொன்னக்கோலில் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலையில்) அது அழகு. மேற்கத்தியப் பாட்டின் குவின்டப்லெட்டில் பெரும்பாலும் அந்த மடிப்பு வேண்டாம். ஐந்தும் ஒரே நூலில் கோத்த மணி மாதிரி வர வேண்டும். அதனால் தகதகிட என்று கற்றுக்கொண்ட பிறகு, ஐந்து எழுத்தையும் ஒரே கனத்தில் சொல்லி அந்த மடிப்பை இஸ்திரி போட்டு எடுத்துவிடுங்கள்.

ஆறு வந்தால் இரண்டு ட்ரிப்லெட் என்று வாசிக்கலாமா?

வாசிக்கலாம், ஆனால் எழுதியவர் அதை நினைத்தாரா என்று பாருங்கள். ஆறை 3+3 என்றும் அழுத்தலாம், 2+2+2 என்றும் அழுத்தலாம். ஓசை வேறு வேறு. நோட்டுகளை இணைக்கும் கோடு எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, இன்னொரு கை என்ன செய்கிறது என்பதிலிருந்து தெரியும். நம் நடைகளில் ஆறுக்குத் தனிப் பெயர் இல்லை, திஸ்ரத்தின் மேல்காலம் என்று முடித்துவிட்டார்கள்.

எல்லாமே ட்ரிப்லெட்டாக வரும் பாட்டை 6/8 அல்லது 12/8-ல் எழுதிவிடலாமே?

எழுதலாம், பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். 6/8-ல் தட்டு என்பதே புள்ளி வைத்த க்ராட்செட் (புள்ளி, நோட்டின் நீளத்தில் பாதியைக் கூட்டும்), அது இயல்பாகவே மூன்றாகப் பிரியும். எண் போடவே தேவையில்லை. பாட்டு முழுக்க மூன்றிலேயே ஓடினால் 6/8. அவ்வப்போது மூன்று வந்துவிட்டு இரண்டுக்குத் திரும்பினால் ட்ரிப்லெட். இது எழுதுபவரின் வசதி, கேட்பவருக்குத் தெரியாது.

6/8-ல் தலைகீழ்ச் சிக்கல் வரும். அங்கே இரண்டாகப் பிரிப்பதுதான் விதிவிலக்கு. மூன்று க்வேவர் இடத்தில் இரண்டை வைத்து மேலே 2 என்று போடுவார்கள். அதன் பெயர் டூப்லெட். இதில் நோட்டுகள் நெருங்காமல் அகலும். ட்யூப்லெட் என்றாலே வேகம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

ஒரு கையில் ட்ரிப்லெட், இன்னொரு கையில் புள்ளி வைத்த க்வேவரும் செமிக்வேவரும். கடைசி நோட்டுகள் சேருமா, பிரியுமா?

இது இருநூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட சண்டை. புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸ் 1752-ல் எழுதும்போது, அந்தச் சின்ன நோட் ட்ரிப்லெட்டின் மூன்றாவது நோட்டுக்குப் பிறகுதான் வர வேண்டும் என்றார். அடுத்த வருடமே இசையமைப்பாளர் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக், மூன்றாவது நோட்டோடு சேர்த்தே வாசிக்கலாம் என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால் இருவருமே பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் அரண்மனையில் சம்பளம் வாங்கியவர்கள்.

அதனால் பரோக் காலத்துப் பாட்டு என்றால் ஆசிரியரைக் கேளுங்கள், இரண்டும் உண்டு. பேத்தோவனின் மூன்லைட் சொனாட்டா என்று பெயர் பெற்ற 1801-ஆம் ஆண்டுப் படைப்பின் முதல் பகுதியில் பிரித்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் வழக்கம். தட்டைப் பன்னிரண்டு கட்டமாக்கினால் ட்ரிப்லெட் 1, 5, 9-ல் விழுகிறது. மேலே வரும் மெட்டின் செமிக்வேவர் 10-ல். ஒரே ஒரு கட்டம் தள்ளி. அந்த ஒரு கட்டத்தில்தான் அந்தப் பாட்டின் ஏக்கமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அவசரக்காரர்கள் அதையும் 9-லேயே போட்டு, தாலாட்டாக்கிவிடுகிறார்கள்.

ஜாஸில் ஸ்விங் என்பது ட்ரிப்லெட்தானா?

முதல் பாடத்துக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்: ட்ரிப்லெட்டின் நடு நோட்டை விட்டுவிட்டு ‘த-ட த-ட’. ஆனால் கலைஞர்கள் வாசிப்பதில் அந்த 2:1 விகிதம் நிலையாக இருக்காது. வேகம் கூடக் கூட இரண்டு நோட்டும் சமத்தை நோக்கி நெருங்கும். இதைத் தாளில் பார்த்துக் கற்க முடியாது, பழைய பதிவுகளோடு சேர்ந்து வாசித்துத்தான் வரும்.

ஷோப்பானின் நாக்டர்னில் 22 நோட்டுக்கு ஒரே அடைப்பு! கால்குலேட்டர் எடுக்கணுமா?

வேண்டாம். அவருடைய முதல் நாக்டர்னில், அதாவது ஓபஸ் 9-ன் முதலாவதில், இடது கையின் 12 க்வேவருக்கு மேல் வலது கையில் 22 நோட் வருகிறது. அது கணக்கு அல்ல, பாடகர் பிருகா போடுவது மாதிரியான அலங்காரம். இடது கை தடுமாறாமல் நடக்கட்டும். வலது கை கொஞ்சம் மெதுவாகக் கிளம்பி, நடுவில் ஓடி, முடிவில் நிதானிக்கட்டும். எங்கே இரண்டும் சந்திக்க வேண்டும் என்று இரண்டு மூன்று இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ட்யூப்லெட்டுக்குள் இன்னொரு ட்யூப்லெட் வருமாமே?

வரும். க்ராட்செட் ட்ரிப்லெட்டின் ஒரு நோட்டை மட்டும் ஐந்தாகப் பிரிப்பது போல. அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸப்பா 1976-ல் டிரம்ஸுக்காக எழுதிய ‘தி பிளாக் பேஜ்’ இதற்குப் பேர்போனது. நோட்டுகளின் நெரிசலில் தாளே கறுத்துத் தெரியும் என்பதால் அந்தப் பெயர். கிரேடு தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்ப்யூட்டரில் இதை எப்படிப் போடுவது?

மியூஸ்ஸ்கோர் என்ற நொட்டேஷன் மென்பொருளில் மொத்தம் எவ்வளவு இடமோ அந்த நீளத்துக்கு ஒரு நோட்டையோ ரெஸ்ட்டையோ (மௌனக் குறியையோ) தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு 3-ஐ அழுத்துங்கள். ஒரு க்ராட்செட்டைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் மூன்று க்வேவர் ட்ரிப்லெட் வந்துவிடும். ஐந்துக்கு 5, ஏழுக்கு 7. பலரும் க்வேவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஏன் செமிக்வேவர் வருகிறது என்று முழிப்பார்கள்.

பாட்டுப் பதிவு மென்பொருள்களில் க்ரிட் அமைப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ட்ரிப்லெட் க்ரிட். ஐந்துக்கும் ஏழுக்கும் பல மென்பொருள்களில் இப்படித் தயாராக எதுவும் இருக்காது. ஒரு க்ராட்செட்டை 480 டிக்காகப் பிரிக்கும் மென்பொருளில் ட்ரிப்லெட்டுக்கு 160, குவின்டப்லெட்டுக்கு 96 என்று முழு எண்ணாக வரும். ஏழால் வகுத்தால் 68.57. ஆகவே ஏழில் ஒன்றிரண்டு நோட் ஒரு டிக் முன்னே பின்னே இருக்கும். காதுக்கு அது தெரியவே தெரியாது, கவலைப்படாதீர்கள்.

தினமும் செய்ய ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள் என்றால்?

ராவெல் 1928-ல் எழுதிய பொலேரோவில் ஸ்நேர் டிரம் ஆரம்பம் முதல் வாசிக்கும் இரண்டு பார். டைம் சிக்னேச்சர் 3/4. க்வேவர்களும், ஒரு க்வேவர் இடத்தில் மூன்று நோட் வரும் செமிக்வேவர் ட்ரிப்லெட்டுகளும்தான். ‘டம்’ என்பது க்வேவர், ‘ததத’ என்பது ட்ரிப்லெட்:

டம் ததத / டம் ததத / டம் டம்
டம் ததத / டம் ததத / ததத ததத

சமையலறை மேடையில் விரலால் தட்டினால் போதும். மெட்ரோனோமை 50-ல் வைத்து ஆரம்பித்து 72 வரை கொண்டுபோங்கள். முதல் வரியின் முடிவில் வரும் ‘டம் டம்’தான் சோதனைச் சாவடி. அதற்கு முந்தைய ‘ததத’ அவசரப்பட்டிருந்தால் அந்த முதல் ‘டம்’ மெட்ரோனோமுக்கு முன்னாலேயே விழும். இரண்டாவது வரியின் கடைசி இரண்டு ‘ததத’வும் அடுத்த சுற்றின் முதல் ‘டம்’மை முந்தப் பார்க்கும். அந்த டிரம்மர் இதை ஏறத்தாழ கால் மணி நேரம், ஊசி விழும் சத்தத்திலிருந்து கூரை அதிரும் வரை, வேகம் மாறாமல் வாசிக்கிறார். நீங்கள் இரண்டு நிமிடம் செய்துவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள்.